இரண்டு செல்விகளும் ஒரு கொக்கியும்

துணைநிரல், அதாவது வேறொருவருடைய மென்பொருளில் மாட்டும் ஆட்-ஆன், எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. மூல மென்பொருளை எழுதியவரைவிட அது தங்களுக்குத்தான் நன்றாகப் புரியும் என்று நினைப்பது. போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, அந்தக் கண்ணாடி அறைக்குள் மூன்று பேர் உட்கார்ந்து யாரோ ஒரு ஜெர்மன்காரரைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். அவர் தன்னுடைய நிரலில் தானே ஏதோ ஒரு பெயரை மாற்றிவிட்டாராம். கேட்கக் கேட்க எனக்கு இளமை திரும்பியது. அப்புறம் என்னிடம் வந்து, "மேடம், புதுசா சேர்ந்தவங்களுக்காக உங்க அனுபவத்துல இருந்து ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றீர்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் வளர்ந்தது டெல்லியில், சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பில். வீடு சர்க்காருடையது. பின்பக்க வராந்தாவைத் தகரமும் பலகையும் வைத்து அடைத்து ஓர் அறையாக்கிக்கொண்டது நாங்கள். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு அறை இருந்தது. பழுது பார்க்க அரசாங்க ஆட்கள் வந்தால் முதலில் இடிபடுவது அதுதான். வீட்டில் எல்லாரும் அதிகம் புழங்குவதும் அதே அறையில்தான். துணைநிரலின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். தத்துவம் இத்தோடு முடிந்தது. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருஷங்கள். எங்கள் அலுவலகம் அதே சரோஜினி நகரில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் இரண்டாம் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கீழே சட்டை விற்கிறவர்களின் கூச்சல், மூடினால் புழுக்கம். இணையம் டெலிபோன் கம்பி வழியாக முனகிக்கொண்டு வரும். யாராவது போன் செய்தால் போய்விடும். உங்களுக்கு இது கதை போல இருக்கும். அந்தக் கம்பியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் உலகத்தோடு சண்டை போட்டோம்.

ஆஸ்பத்திரிகளுக்கான ஒரு திறந்த மூல மென்பொருள் அப்போது வந்திருந்தது. நோயாளியின் பெயர், வியாதி, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் பதிந்துவைப்பது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். அதன் தலைமைப் பொறுப்பில் கனடாவில் ஒருவர் இருந்தார். நல்ல மென்பொருள்தான், ஆனால் டெல்லியை அதற்குத் தெரியாது. ஹிந்தி தெரியாது, டோக்கன் வரிசை தெரியாது, முக்கியமாக நம் ஊர்ப் பெயர்கள் தெரியாது. அதற்காக நாங்கள் மூன்று துணைநிரல்கள் எழுதிப் பராமரித்தோம். "நாங்கள்" என்றால் பெரிய படை என்று நினைக்காதீர்கள். நானும் ரமேஷும்.

ரமேஷ் பக்கத்து மோதி பாக் குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், வீட்டில் திருநெல்வேலித் தமிழ். இவனுக்கு அது பேச வரும், படிக்க வராது. கோபம் வந்தால் ஹிந்தி, பயம் வந்தால் இங்கிலீஷ், பசி வந்தால் மட்டும் சுத்தத் தமிழ். நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல்.

அவன் எழுதியதுதான் எங்கள் மூன்றில் மிகவும் பெயர் வாங்கிய பெயர்த்தேடல். ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் ஒருவர் 'முருகேசன்' என்று சொன்னால், எழுதுகிறவர் காதில் விழுகிறபடி ஆங்கிலத்தில் அது பல விதமாக ஏறும். அடுத்த முறை வேறு எழுத்துகளில் அடித்துத் தேடினால், அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று கம்ப்யூட்டர் சாதிக்கும். உடனே புதுச் சீட்டு, புது எண். ஒரே மனிதர் நாலு நோயாளிகளாகிவிடுவார். ரமேஷின் துணைநிரல் எழுத்தை விட்டு ஒலியை வைத்துத் தேடியது. ஒத்துப்போகிற பழைய பதிவைத் திரையில் காட்டி, 'இவரும் அவரும் ஒருவரா?' என்று கேட்கும். 'ஆம்' என்று அமுக்கினால் இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கிவிடும். ஒரே விஷயத்துக்கு இரண்டு தகவல் இருந்தால் புதியதை வைத்துக்கொண்டு பழையதை விட்டுவிடும். தெற்கு டெல்லியில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி இதை ஆசையாகப் பயன்படுத்திவந்தது. சுற்றுவட்டாரக் குடிசைப் பகுதிகளிலிருந்து கட்டட வேலை, வீட்டு வேலை செய்கிறவர்கள் வரும் இடம். அதில் நம் ஊர்க்காரர்களும் நிறைய.

ஒரு காலை கனடாவிலிருந்து குழு மடல் வந்தது. மூல மென்பொருளில் ஆங்காங்கே கொக்கிகள் இருக்கும், நம் பாகங்களை அவற்றில்தான் மாட்டுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். நோயாளியின் பதிவைச் சேமிக்கும் நேரத்தில் வெளி நிரல்கள் உள்ளே நுழைந்து திருத்துவதற்கு ஒரு கொக்கி இருந்தது. அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடப் போவதாக அவர் அறிவித்திருந்தார். எங்கள் பெயர்த்தேடல் முழுக்க முழுக்க அந்தக் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ரமேஷ் முதலில் ஹிந்தியில் ஆரம்பித்தான். அதை இங்கே எழுத முடியாது. பிறகு உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு ஒரு மடல் எழுதினான். பனி பெய்கிற ஊரில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, ஏழை நாட்டு ஆஸ்பத்திரியின் வாசலைக்கூடப் பார்க்காதவர்கள் என்று தொடங்கியது அது. மொத்தக் குழுவுக்கும் அனுப்பத் தயாராக விரலைப் பொத்தான்மேல் வைத்திருந்தான். நான் போனை எடுத்து என் அக்காவுக்கு டயல் செய்தேன். இணையம் அறுந்தது. அக்காவோடு வெகுநேரம் பேசினேன். அன்று மடல் போகவில்லை. இந்த உத்தி இப்போது உங்களுக்குப் பயன்படாது. அதனால் நீங்களே வேறு ஏதாவது கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

கோபம் ஆறியதும் வேறு யோசனையோடு வந்தான். "மேடம், மெயின் கோட்ல ரெண்டே லைன். கொக்கியை நாமே திரும்பப் போட்டு நம்ம ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொடுத்துடலாம். யாருக்கும் தெரியாது."

அவர் அடுத்த மாதம் அந்தப் பகுதியையே மாற்றி எழுதினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அப்போது மறுபடி ஒட்டலாம் என்றான்.

"அதுக்கு அடுத்த மாசம்?"

"ஃபிர் சே ஒட்டலாம்."

"ஒவ்வொரு வெர்ஷனுக்கும் நீ ஒட்டிண்டே இருந்தா, உனக்குக் கல்யாணம் ஆன மாதிரிதான்."

அப்படியானால் மொத்தமாகப் பிரிந்துபோய் நமக்கென்று தனி மென்பொருளாக நடத்தலாம் என்றான். இரண்டு பேர், ஒரு டெலிபோன் கம்பி, ஒரு தனி ஆஸ்பத்திரி மென்பொருள். நான் சிரிக்கவில்லை. உங்களில் எத்தனை பேர் இதே யோசனையைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பிரிவது சுலபம், பிரிந்த பிறகு ஒவ்வொரு நாளும் தனியாக எழுந்திருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரம்மா அவசரப்படுத்தினார். புதிய பதிப்பில் மருந்து இருப்பைக் கணக்கிடும் பகுதி வருகிறது, அவருக்கு அது உடனே வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் விழாவுக்கு ஏற்பாடு செய்து, அழைப்பிதழும் அச்சடித்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்து ஒரு பொத்தானை அமுக்கிப் புதிய மென்பொருளைத் தொடங்கிவைப்பார். பெயர்த்தேடல் இல்லாமல் தரலாமா என்று கேட்டேன். அது இல்லையென்றால் கவுன்ட்டரில் கலவரம் நடக்கும் என்றார். ஆக அவருக்குப் புதிய பதிப்பும் வேண்டும், அதில் இருக்கவே முடியாத எங்கள் துணைநிரலும் வேண்டும். தேதியும் மாறக் கூடாது. உங்களுக்கு வரும் வாடிக்கையாளர்கள் கொஞ்சமாவது மாறியிருக்கிறார்களா?

இந்த இடத்தில் எனக்கு ஒரு குரு வாய்த்தார். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. குழு மடல்களில் ஒரு புனைபெயர் மட்டும். பிரேசிலிலிருந்து எழுதுகிறவர், பல் ஆஸ்பத்திரிகளுக்கான துணைநிரலைப் பராமரித்துவந்தார் என்பதோடு சரி. அவருடைய நிரலும் அதே கொக்கியில்தான் மாட்டியிருந்தது. நான் அவருக்குத் தனியாக எழுதி, நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு கண்டனம் தெரிவிக்கலாமா என்று கேட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. கொக்கியைத் திருப்பிக் கேட்காதே, அதைப் பார்த்து அவருக்கு என்ன பயம் என்று கேள் என்றிருந்தது.

எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஒரு மனிதரைப் பல நாளாக மனத்துக்குள் திட்டியிருக்கிறேன், ஏன் செய்தீர் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்றே கனடாவுக்கு அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதினேன்.

நீண்ட பதில் வந்தது. வேறொரு நாட்டில், வேறு யாரோ எழுதிய துணைநிரல் அந்தக் கொக்கி வழியாக நுழைந்து இரண்டு நோயாளிகளின் பதிவுகளைக் கலந்துவிட்டதாம். நல்ல வேளையாக ஒரு மருத்துவர் கவனித்துவிட்டார். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குத் துணைநிரல் என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் கனடாவுக்குத்தான் போன் செய்து, இவரைத்தான் கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கொக்கியை விட்டுவைக்கவே தனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நோயாளியின் எண்ணைக் கேட்டாலே போதுமே, பெயரை வைத்து ஏன் தேடுகிறீர்கள் என்று கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தது.

ரமேஷுக்குப் படித்துக் காட்டினேன். "அது அவங்க ஆட்-ஆன், மேடம். நம்மளது அச்சா ஆட்-ஆன்" என்றான். எண்ணைக் கேட்பது பற்றி அவன் சொன்னது மறுபடி ஹிந்திக்குப் போய்விட்டது.

எண் எழுதிய சீட்டு எத்தனை பேரிடம் பத்திரமாக இருக்கும் என்பதை அவருக்கு நேரடியாகச் சொல்லிப் புரியவைக்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. அதற்குக் கவுன்ட்டரில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து, நடப்பதைப் பார்த்து எழுத வேண்டும். எங்கள் பக்கத்து நியாயத்துக்குச் சாட்சி சேகரிக்கத்தான் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ரமேஷையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். எழுதினவனே தன் துணைநிரலை அதுவரை கவுன்ட்டரில் பார்த்ததில்லை. உங்களில் யார் யார் பார்த்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

கவுன்ட்டரில் சுனிதா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களைத் தன் பின்னால் இரண்டு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். வெயில் ஏற ஏற வரிசை வெளி கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எண் எழுதிய சீட்டு அநேகமாக யாரிடமும் இல்லை. சீட்டு மழையில் நனைந்தது, குழந்தை கிழித்தது, கூரை மாற்றியபோது போய்விட்டது என்று ஆளுக்கொரு காரணம். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கனடாக்காரருக்கு எழுதவேண்டிய வாக்கியங்களை மனத்துக்குள் ஜோடித்துக்கொண்டிருந்தேன். ரமேஷ் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்து, நான் சொன்னேன் இல்லையா என்பது போல் புருவத்தைத் தூக்கினான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்றைக் கவனித்தேன். 'இவரும் அவரும் ஒருவரா?' என்று திரை கேட்கும்போதெல்லாம் சுனிதா பார்க்காமலே 'ஆம்' என்று அமுக்கினாள். ஒவ்வொரு முறையும். ஏன் என்று கேட்டேன். 'இல்லை' என்று அமுக்கினால் இன்னொரு பக்கம் திறந்து காரணம் கேட்கிறதாம், அதை நிரப்புவதற்குள் வரிசையில் சண்டை வந்துவிடுகிறதாம். ஹிந்தியில் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இங்கே வருகிற மதராஸிப் பெண்களில் பாதிப் பேர் செல்வி, அதில் பாதிப் பேரின் வீட்டுக்காரர் முருகன், நான் யாரை யாரென்று பார்ப்பது?

காரணம் கேட்கும் பக்கம் ரமேஷின் யோசனைதான். தவறாக 'இல்லை' என்று அமுக்கிவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கை. அவன் புருவம் இறங்கியது.

சுனிதா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இருமிக்கொண்டே ஒரு பெண் வந்தாள். செல்வி, வீட்டுக்காரர் முருகன். திரை கேட்டது. சுனிதா அமுக்கினாள். பிறகு திரையைப் பார்த்து, கால் புண்ணுக்குக் கட்டு மாற்றவா என்று ஹிந்தியில் கேட்டு, கையால் காலைத் தொட்டுக் காட்டினாள்.

அந்தப் பெண் குழம்பிப்போய், தமிழ் முகமாகத் தெரிந்த என்னைப் பார்த்தாள். "எனக்கு இருமல்தாங்க. காலுப் புண்ணு அந்த செல்விக்கு. ஊசி ஒத்துக்காத செல்வின்னு சொல்லுவாங்களே, அவ. எங்கூடத்தான் வந்தா. இப்பத்தான் ஊசி போடுற ரூமுக்குப் போனா."

எனக்குப் புரிவதற்கு ஒரு கணம் பிடித்தது. திரையில் இருந்த பதிவைப் பார்த்தேன். இரண்டு செல்விகளும் ஒருத்தியாகிவிட்டார்கள். பென்சிலின் ஊசிக்கு நேரே, 'முன்பு போடப்பட்டது, தொந்தரவில்லை' என்று இருந்தது. அது இருமல் செல்விக்குப் போன தடவை ஊசி போட்டபோது எழுதிய தகவல். புதியது என்பதால் எங்கள் துணைநிரல் அதை வைத்துக்கொண்டு, மற்றவளின் பழைய எச்சரிக்கையை விட்டுவிட்டது. ஊசி போடும் அறையிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அங்கேயும் இப்போது இதுதான் தெரியும்.

நான் ரமேஷிடம் சொல்லத் திரும்பினேன். ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அவன் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

நான் ஓடுகிற உடம்பு அல்ல. அந்த அறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, உள்ளே ஒரு ஹரியானாக்கார நர்ஸ் கையில் சிரிஞ்சோடு நின்று ரமேஷை முறைத்துக்கொண்டிருந்தாள். நீ யார், கம்ப்யூட்டரில் தெளிவாகப் போட்டிருக்கிறதே, இவளுக்கு இந்த ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று என்று அதட்டினாள். கம்ப்யூட்டர் தப்பு என்றான் ரமேஷ். அவனுடைய வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை அவன் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நர்ஸ் நம்பவில்லை. அப்படியானால் அவளையே கேள், அவள் பேசுவது எனக்குப் புரியவில்லை என்றாள்.

காலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண், இவர்கள் எதற்குச் சத்தம் போடுகிறார்கள் என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரமேஷ் வாயைத் திறந்தான். பயத்தில் இங்கிலீஷ்தான் வந்தது. நிறுத்தினான். தலையை உதறிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.

"அக்கா, உங்களுக்கு இந்த சுயி... ஊசி. இந்த ஊசி. பஹலே... முன்னாடி போட்டு ஏதாவது ஆச்சா?"

"மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சே நின்னுபோச்சு தம்பி. இங்கதான். டாக்டரம்மாதான் காப்பாத்தினாங்க."

அதை ஏன் நீங்கள் நர்ஸிடம் சொல்லவில்லை என்று வாசலில் நின்றபடி நான் கேட்டேன்.

"இனிமே நீ ஒண்ணும் சொல்ல வேணாம், கம்ப்யூட்டர்ல எழுதி வச்சாச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே" என்றாள்.

ரமேஷ் அதை நர்ஸுக்கு ஹிந்தியில் சொன்னான். அவள் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். ரமேஷ் வெளியே வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனே எழுந்து கவுன்ட்டருக்குப் போய், பதிவுகளை ஒன்றாக்கும் வேலையை அங்கேயே நிறுத்திவைத்தான். தேடிக் காட்டும் பகுதி மட்டும் இருந்தது. வழி விட்டு நின்ற சுனிதாவிடம், காரணம் கேட்கும் பக்கத்தையும் எடுத்துவிட்டதாகச் சொன்னான். ஏற்கெனவே ஒன்றாக்கப்பட்ட பதிவுகளையெல்லாம் காப்புப் பிரதியிலிருந்து தேடிப் பிரிக்கும் வேலை எங்களுக்குக் கோடை முழுக்க இருந்தது.

டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னோம். அவர் உடனே நர்ஸுகளை அழைத்து, திரையில் என்ன இருந்தாலும் சரி, நோயாளியிடம் கேட்காமல் யாருக்கும் அந்த ஊசி கூடாது என்று உத்தரவிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அப்படியொரு அமைதியான கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. விழாவன்று என்ன தருவீர்கள் என்று கேட்டார்.

இப்போது நீங்கள் என் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். தவறு எங்களுடையது. அவரைச் சமாதானப்படுத்த ஆசையாக இருந்தது. ரமேஷின் இரண்டு வரியை ஒட்டிப் புதிய பதிப்பைக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். நான் ரமேஷைப் பார்த்தேன். அவன் லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. விழாவன்று எதுவும் தர முடியாது என்று சொன்னேன். பழைய பதிப்பே ஓடட்டும், கனடாக்காரரோடு பேசி, பதிவைத் தொடாமல் தேட மட்டும் ஒரு வழி செய்த பிறகு புதியதைப் போடுகிறோம் என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போது சிறப்பு விருந்தினர் எதை அமுக்குவார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அதற்குப் பதிலையும் அவரே கண்டுபிடித்தார். வரிசையில் நிற்கிறவர்களுக்காக வாங்கிவைத்திருந்த குளிர்ந்த குடிநீர் இயந்திரம் அட்டைப் பெட்டியோடு ஸ்டோரில் கிடந்தது. விழாவன்று அதற்கு ரிப்பன் கட்டினார்கள். சிறப்பு விருந்தினர் பொத்தானை அமுக்கினார், தண்ணீர் வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். தகவல் தொழில்நுட்பப் புரட்சி பற்றி எழுதிக் கொண்டுவந்திருந்த உரையை அவர் ஒரு வார்த்தை மாற்றாமல் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று படித்தார். டெல்லி வெயிலில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. நான் தொழிலில் பார்த்த தொடக்க விழாக்களில், தொடங்கிவைத்தது மறுநாளும் ஓடியது அது ஒன்றில்தான்.

கனடாவுக்கு எழுதும் வேலையை ரமேஷ் என்னிடம் விடவில்லை. தானே எழுதினான். ஒரே பக்கம். கவுன்ட்டரில் நடந்தது, தாழ்வாரத்தில் ஓடியது, அந்தப் பெண் சொன்ன பதில் எல்லாம் இருந்தது. நீங்கள் பயந்தது சரி, ஆனால் பெயரை வைத்துத் தேடாமல் எங்களால் இருக்க முடியாது என்பதும் சரி என்று முடித்திருந்தான். பொத்தானை அமுக்கும்போது நான் போனைத் தொடவில்லை.

கனடாக்காரர் அந்தக் கொக்கியை எடுத்தேவிட்டார். அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒன்று வைத்தார். வெளி நிரல்கள் பதிவைப் பார்க்கலாம், காட்டலாம், தொட முடியாது. பிரேசில்காரரும் தன்னுடையதை அதில் மாற்றி மாட்டிக்கொண்டார். ஒரு வருஷத்துக்குள் வேறு பல நாடுகளிலிருந்தும் ஒலித்தேடல் வேண்டும் என்று கேட்டார்கள். பெயர் எழுதுவதில் குழப்பம் நமக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது. கடைசியில் ரமேஷின் தேடலை மூல மென்பொருளிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

அதன் பொருள் உங்களுக்குப் புரியும். எங்கள் பெயர்த்தேடல் துணைநிரலுக்கு இனி வேலை இல்லை. அதை நீக்கவேண்டிய நாளில் ரமேஷ் திரை முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தான். நான் வேண்டுமானால் நீக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தானே செய்தான். பிறகு கீழே போய் மார்க்கெட்டில் ஜிலேபி வாங்கிவந்தான். துக்கத்துக்கா சந்தோஷத்துக்கா என்று கேட்டதற்கு, "ரெண்டுக்கும்தான், பசிக்குது" என்றான். நம் தொழிலில் ஒரு துணைநிரலுக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது. ஆனால் அது வரும்போது இனிப்பு வாங்கிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூல மென்பொருளில் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கனடாக்காரர் ரமேஷிடமே கொடுத்தார். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைப் படித்து, சேர்க்கலாம், கூடாது என்று முடிவு செய்வது அவன். கொஞ்ச நாள் பெருமையாக நடமாடினான்.

ஒரு நாள் காலை முகம் சிவந்து என் மேஜைக்கு வந்தான். கென்யாவில் ஒரு பெண், தன்னுடைய துணைநிரல் பதிவுகளைத் திருத்துவதற்கு வழி கேட்டிருக்கிறாள். இவன் முடியாது என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறான். அவள் மொத்தக் குழுவுக்கும் எழுதிவிட்டாள். அச்சடித்து வைத்திருந்த மடலை என் கையில் கொடுத்தான். டெல்லியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி எங்கே தெரியப்போகிறது என்று எழுதியிருந்தாள். எங்கள் அலுவலகத்தில் அப்போது மின்விசிறியே ஒன்றுதான் ஓடியது.

"நான் ஆஸ்பத்திரியே பார்த்ததில்லையாம், மேடம்" என்றான்.

நான் சிரிக்காமல் இருப்பதற்காக ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"என்ன பதில் எழுதட்டும்?"

எனக்குப் பசிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது அவன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். தன் முடிவுக்கு விளக்கமும் இல்லை, அவள் கோபத்துக்குப் பதிலும் இல்லை. உங்கள் ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் உட்காருகிறவரின் பெயர் என்ன, அவரோடு நான் போனில் பேச முடியுமா, உங்கள் ஊரில் அவருக்குக் கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் எது என்று கேட்டிருந்தான்.